புகைக்குழாயில் ஒரு முள்

போன மாதம் எங்கள் வீட்டுப் புகைக்கூண்டில் தீப்பிடித்தது. அடுப்பின் காற்றுத் திறப்பை மூட மறந்தவர் என் கணவர் எல்வுட். இலையுதிர் காலத்திலிருந்தே அவருக்கு மறதி. "இனி அப்பாவைத் தனியா விட்டா முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன்" என்று மகள் கார்லின் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் பள்ளிச் சமையலறை வேலைக்குப் போகாவிட்டால் பிழைப்பு ஏது? அமெரிக்காவின் வடகோடி மெய்ன் மாநிலக் குளிரில் விறகடுப்பு இல்லாமல் உயிர்தான் ஏது? முள்ளைப் பார்த்தாவது தீயைக் கட்டுப்படுத்தட்டும் என்று அடுப்பின் புகைக்குழாயில் ஒட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி வந்தேன்.

எல்வுட் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"காந்தமா? நம்ம குழாய் ரெட்டைச் சுவருடி. மேல ஒட்டினா பாதிச் சூடுதான் காட்டும். அதை நம்பி விறகைத் திணிச்சா வீடே போயிடும்."

"பெரிய மேதாவிதான் போய்யா."

ஆனால் அவர் சொன்னதுதான் சரி. கடைக்குத் திரும்பிப் போய், கம்பி உள்ளே நுழைகிற ரகமாக மாற்றி வாங்கி வந்தேன். அவரே அடுப்புக்கு மேலே ஒன்றரை அடி அளந்து, இரண்டு சுவரையும் துளைத்து, கம்பியைச் செருகித் திருகினார். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கார்லினைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

தீ மூட்டினோம். நான் பீன்ஸ் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டேன்.

"எவ்வளவுய்யா காட்டுது?"

"அறுநூறு. அருமையா இருக்கு."

குழாய் படபடவென்று சத்தம் போட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். முள் தொள்ளாயிரத்தையும் தாண்டி, ஆபத்தைக் காட்டும் சிவப்பில் நின்றது. பதறிக் காற்றுத் திறப்பை அடைத்தேன். முள் மெல்ல இறங்கி, சிவப்பை விட்டு, நானூறுக்கும் கீழே வந்தது.

"இப்ப?"

"அறுநூறு."

"கண்ணாடியைப் போட்டுப் பாரு."

"போட்டுத்தானே இருக்கேன்."

உண்மைதான், போட்டிருந்தார். ஆனால் அவர் பார்த்தது முள்ளை இல்லை, என் முகத்தை.

"எல்வுட், அதுல இருக்கிற நம்பர் உனக்குப் புரியுதா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயே சொல்லு. எத்தனைன்னு சொன்னா என்னை இங்கேயே விட்டுட்டு வேலைக்குப் போவ?"