மூக்கு நுனியில் எட்டுக் கிலோ

ஸ்டூல் ஆடியது. அதன்மேல் நுனிக்காலில் நின்றவள் ஆடவில்லை. ஒரு கையால் கேட் தூணைக் கட்டிப் பிடித்தபடி, மறு கையால் அதன் உச்சியிலிருந்த இரும்பு உருண்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டில் திருட்டு. அதுவும் பட்டப்பகலில், கழுத்தில் மாநாட்டு அடையாள அட்டையோடு.

மணி மூன்று இருபது. நாலு மணிக்கு இந்த உருண்டை பல்கலைக்கழக அரங்கில் தொங்கியாக வேண்டும்.

அவள் இயற்பியல் துறையின் செய்முறைக்கூட உதவியாளர். கைப்பையில் எப்போதும் ஸ்பானர் இருக்கும் என்பதால் துறையில் அவள் பெயர் ‘ஸ்பானர் அக்கா’. அங்கே மூன்று நாளாகத் தேசிய இயற்பியல் மாநாடு அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. கடைசி நிகழ்ச்சி, பொதுமக்களுக்கான சொற்பொழிவு. பேசப்போகிறவர் வெளிநாட்டுப் பேராசிரியர். ஆறடி உயரம், அதற்குத் தோதான மூக்கு. கூரையிலிருந்து கனமான உருண்டையைத் தொங்கவிட்டு, மூக்குவரை இழுத்து, விட்டுவிடுவார். உருண்டை போய்விட்டுத் திரும்பி வரும். விட்ட இடத்தைத் தாண்டி வராது என்பது விதி. ஊர் ஊராகக் கைத்தட்டல் வாங்கிய வித்தை.

அந்த உருண்டையைத்தான் காலையில் விமான நிலையத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஸ்கேனரில் வெடிகுண்டு மாதிரியே தெரிந்ததாம். இல்லை, இது என் மூக்கில் மோதவருவதற்காக என்று அவர் விளக்கியதும் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது.

மாநாட்டில் நானூறு விஞ்ஞானிகள். நட்சத்திரத்தையே எடை போட்டவர்கள். எட்டுக் கிலோ உருண்டை எங்கே கிடைக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

துறைத் தலைவர் நறுக்கென்று சொல்லிவிட்டார். உருண்டை இல்லையென்றால் படம் போட்டுக் காட்டிக்கொள்ளலாம். படமே போதுமென்றால் செய்முறைக்கூடம் எதற்கு? திங்கட்கிழமை முதல் அங்கே உடைந்த நாற்காலிகளை அடுக்கலாம். பன்னிரண்டு வருடமாக அவள் கருவி கருவியாகச் சேர்த்து வைத்த அறை அது.

ஒரு மணிக்கு வீட்டிலிருந்த புருஷனுக்குப் போன் போட்டுப் புலம்பினாள். நம் கேட் உருண்டைதான் சரியான எடை, ஆனால் உங்கம்மா விடுவார்களா என்றாள். மெல்லுகிற சத்தம்தான் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிற ஜென்மம் அது.

அவள் மாமியாருக்கு அந்த இரண்டு தூண் உருண்டைகளும் இரண்டு கண். வருடா வருடம் அவர் கையாலேயே பச்சை பெயின்ட் அடிப்பார். ஒருமுறை தூணில் சைக்கிளைச் சாய்த்த தபால்காரரை அவர் வாங்கிய வாங்கில், ஒரு வாரம் அந்தத் தெருவுக்கே தபால் வரவில்லை.

நல்லவேளை, மூன்று மணிக்கு மாமியார் கிளம்பிவிட்டார். கெட்டவேளை, கிளம்பியது அதே சொற்பொழிவுக்கு. ஏசியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதற்காம்.

இருபது வருடத் துரு. சுத்தியலும் பத்து நிமிடமும் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தாள். உருண்டையோ புட்டி மூடி மாதிரி கழன்று கையோடு வந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, பச்சை தெரியாமல் கறுப்பு டேப் சுற்றி, ஸ்கூட்டரைப் பறக்கவிட்டாள்.

நாலு மணிக்கு உருண்டை கம்பியில் தொங்கியது. பேராசிரியர் முகமெல்லாம் பல். ஆனால் அவருக்கு அன்றைக்குப் புது ஆசை வந்துவிட்டது. தினம் என் மூக்குதானே, இன்று உங்களில் ஒருவர் வாருங்கள் என்றார்.

விதியைக் கரைத்துக் குடித்த நானூறு பேரும் தரையைப் பார்த்தார்கள். துறைத் தலைவர் லேஸ் இல்லாத ஷூவுக்கு லேஸ் கட்ட ஆரம்பித்தார்.

முதல் வரிசையில் ஒரு உருவம் எழுந்தது. மாமியார்.

பயமில்லையா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்க, அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "கட்டினது என் மருமக. அவ முடிச்சுப் போட்ட ரொட்டிக் கவரையே என்னால அவுக்க முடியல. இதுவா அவுறப்போகுது?"

அரங்கம் குலுங்கியது. மருமகள் பக்கத்தில் போய் நின்று, பின்னால் நிறுத்தியிருந்த பலகையில் தலையை ஒட்டி வைக்கச் சொன்னாள். உருண்டையைத் தள்ளக் கூடாது, விட மட்டும்தான் வேண்டும் என்றாள். "முக்கியமா, அசையாதீங்க அத்தை."

"நீ சொல்லி நான் என்னைக்கு அசைஞ்சிருக்கேன்?"

விட்டார். உருண்டை விர்ரென்று மேடையின் மறுகோடிக்குப் போனது. போன வேகத்தில் டேப் பிரிந்து வால் மாதிரி ஆடியது. திரும்பி வரும்போது உள்ளே பச்சை பளிச்சென்று தெரிந்தது. ஸ்பானர் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள், மூக்குக்காக இல்லை.

ஒரு விரல்கடை முன்னால் உருண்டை நின்றது, யோசித்தது, திரும்பிப் போனது. மாமியார் இமைகூட அசைக்கவில்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது. கம்பியைப் பிடித்து உருண்டையை நிறுத்தியவளிடம் துறைத் தலைவர் ஓடி வந்தார். அடுத்த வருடம் இரண்டு உருண்டையாகத் தொங்கவிட முடியுமா, செய்முறைக்கூடத்துக்கு இன்னும் என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். நாற்காலிப் பேச்சையே காணோம்.

அவர் நகர்ந்ததும் அவள் மென்று விழுங்கினாள். "அத்தை, அந்த உருண்டை வந்து..."

மாமியார் கைக்குட்டையால் விரல்களை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் கறுப்பாகத் துரு. எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

"மதியமே ரெண்டு தடவை எண்ணெய் விட்டு, பாதி திருகியும் வச்சேன். சுலபமா கழண்டுச்சா?"