குறுக்கே வந்த பி.ஏ.

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. போடிநாயக்கனூரில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "எங்க சின்னாத்தா கல்யாணத்துக்குக் குறுக்க ஒரு பி.ஏ. வந்து உக்காந்துக்கிருச்சு." எல்லோரும் சிரித்தார்கள். முடிவைக் கேட்பதற்குள் பந்தி எழுந்துவிட்டது. ஆகவே கீழே வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஏலக்காய் மணக்கும் மலைச்சரிவில் இளங்காற்று...'

(அடித்துவிட்டேன். செடியில் இருக்கும் காய் அப்படியொன்றும் மணக்காது.)

பிறகு: 'சோலைமலை ஒரு கோழை.'

(இதையும் அடித்தேன். பதினெட்டு வயதுப் பையனை முதல் வரியிலேயே இப்படிச் சொல்லக் கை வரவில்லை. ஆனால் சொல் மனதிலேயே கிடக்கிறது.)

3

1914, வைகாசி. சோலைமலை மதுரையில் இன்டர்மீடியட் தேறிவிட்டுப் போடிக்கு வந்திருந்தான். அவன் டாக்டராக வேண்டும் என்பது வீட்டில் முடிவான விஷயம். இன்டர்மீடியட்டோடு நேரே சென்னைக்கு மருத்துவம் படிக்கப் போகலாம். அல்லது முதலில் இரண்டு வருஷ பி.ஏ. முடித்துவிட்டும் போகலாம்.

ராசிங்காபுரத்திலிருந்து அத்தை வேலுத்தாயும் மாமா சீனிச்சாமியும் வந்தார்கள். அவர்கள் மகள் பொன்னுமணி சோலைமலைக்கு முறைப்பெண். நேரே மருத்துவம் என்றால் வருகிற தையில் கல்யாணம், அவன் படிக்கும்வரை அவள் போடியில் இருப்பாள் என்று இரு வீட்டிலும் பேச்சு.

"என்ன மாப்ளே, டாக்டருக்கு எப்பப் போறீக?" என்றார் சீனிச்சாமி. "எனக்கு முட்டிவலி. நீங்க வர்றவரைக்கும் தேய்க்காம வச்சிருக்கேன்."

சோலைமலையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்: "பி.ஏ. படிச்சுட்டுப் போறேன் மாமா. தாவர சாஸ்திரம்."

அந்தப் பக்கத்தில் சொந்த அத்தை மகளை வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'இன்னும் படிப்பு இருக்கு' என்பார்கள். பெண்வீட்டார் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார்கள். இது சோலைமலைக்கும் தெரியும். சொல்லும்போது நினைவில் இல்லை.

"நல்லாப் படிங்க," என்றார் சீனிச்சாமி. இவ்வளவு நேரம் இருந்த 'மாப்ளே' அதில் இல்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

4

சோலைமலையின் அப்பா மொக்கச்சாமியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பிரதியில் அவரை வில்லனாக்கினேன். பக்கத்து ஊரான தேவாரத்தில் வசதியான சம்பந்தம் பார்த்துவைத்துவிட்டு, மகனுக்கு பி.ஏ. ஆசையை ஊட்டினார் என்று எழுதினேன். சுலபமாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது. அவரும் மற்றவர்களைப் போலவே, பையனுக்குப் பெண் பிடிக்கவில்லை என்றுதான் எண்ணினார். "மூஞ்சிக்கு நேரா இப்படியாடா சொல்லுவ?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டார்.

உண்மை வேறு. மதுரையில் ஒரு சிநேகிதன் அவனை ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு அழைத்துப் போயிருந்தான். துணிக்கு வெளியே ஒரு பெண்ணின் கால். மெட்டி கழற்றிய இடத்தில் வெளுத்த வளையம். அன்று அவன் சாப்பிடவில்லை. மருத்துவத்தில் சேர்ந்ததும் பிணம் அறுக்க வேண்டும். பி.ஏ.யில் பூவை அறுத்தால் போதும். ரத்தம் வராது. பயம் போக இரண்டு வருஷம் வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

5

(இந்த இடத்தை நான் பலமுறை எழுதினேன். பொன்னுமணி அழுத பிரதிகள் எல்லாம் குப்பைக்குப் போயின.)

போடி மலையில் இரு வீட்டாருக்கும் ஏலத்தோட்டம் உண்டு. களையெடுப்பு நடந்த நாளில் மலைச்சரிவுப் பாதையில் அவளே அவனை நிறுத்தினாள்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றது, மச்சான். அந்தப் பி.ஏ. என்ன பாவம் பண்ணுச்சு? எதுக்கு அது தலைல தூக்கிப் போடுறீக?"

"அதில்ல புள்ள..."

"பெறகு எது?"

அவன் செடியைப் பார்த்தான்.

"ஊரையெல்லாம் நாக்க நீட்டுன்னு கேக்கப்போற டாக்டரு. தன் நாக்கு மட்டும் வர மாட்டேங்குது."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "எனக்குச் சோலி கிடக்கு," என்று வெரசாக இறங்கிவிட்டாள். அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்று எழுத—

(இல்லை. கூப்பிடவில்லை.)

6

ஆனியில் சீனிச்சாமி மறுபடி வந்தார். பொன்னுமணிக்கு வேறிடம் பார்த்தாயிற்று. முறைப்பையனுக்கு வேட்டியும் வெற்றிலையும் வைத்து, அவன் சம்மதித்து எடுத்த பிறகுதான் பெண்ணை வெளியே கொடுப்பார்கள். அந்தத் தட்டை நீட்டினார்.

"எடுத்துக்கங்க மாப்ளே." கடைசித் தடவையாக மாப்ளே.

அவன் உண்மையைச் சொல்லிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். மாமா தொடையில் தட்டிச் சிரிக்கிறார், தையில் மேளம். என் வழக்கமான வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் பங்காளிகள் நிறைந்த கூடத்தில், பிணத்துக்குப் பயந்தேன் என்று டாக்டராகப் போகிறவன் எப்படிச் சொல்வான்? எடுத்துக்கொள்வதாக இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் அவன் கை தட்டைத் தொட்டதும் என் பேனா நின்றுவிட்டது.

ஆகவே தட்டு இன்னும் நீட்டியபடிதான் இருக்கிறது. கூடத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'மாமா, எனக்குப் பயமா இருந்துச்சு.'

உங்களுக்குப் பதினெட்டு வயதில் அது வாயில் வந்திருக்கும் என்றால், அவனுக்காகச் சொல்லிவிடுங்கள்.

வராது என்றால், வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள்.