குடிக்காமல் வைத்த கோப்பை

"எண்ணெய விட்டா உங்க நாட்டுல என்ன இருக்கு?"

குவைத்தின் எண்ணெய் நகரமான அகமதியில் வேலை பார்த்த வெள்ளைக்கார இஞ்சினியரின் மனைவி, ஜஹ்ராவில் எங்கள் வீட்டுப் பெண்கள் அறையில் உட்கார்ந்து, உடைந்த அரபியில் என்னைக் கேட்டாள். எனக்குப் பதினேழு வயது. வகுப்பில் எழுந்து வாய்விட்டுப் படிக்கச் சொன்ன பயத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தேநீர் எடுத்துவரப் போவதுபோல் எழுந்து ஓடிவிட்டேன்.

பதில் உள்ளேயே கிடந்து குடைந்தது. மாவுப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நோட்டில் அதை எழுதினேன். வெயில் காலத்தில் வந்தால் கார்க் கதவைத் துணியில்லாமல் தொடாதீர்கள். காப்பி போதுமென்றால் கோப்பையை ஆட்டுங்கள்; ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்போம். யாராவது குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தால் பதற வேண்டாம். அவர் ஏதோ கேட்க வந்திருக்கிறார். தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பார். ஆண்கள் சாப்பிட்ட பெரிய தட்டு மீதிச் சோற்றோடு எங்கள் பக்கம் வரும். எந்த ஓரத்தில் கறி தொடப்படாமல் இருக்கிறதோ, அங்கே உட்கார்ந்தவர் கூச்சக்காரர்.

ஒருநாள் நோட்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. அடுத்த மாதம் அண்ணன் மிஷால் வேலை பார்த்த எண்ணெய்க் கம்பெனி, வெளிநாட்டு விருந்தினர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் போட்டது. வாக்கியம் எல்லாம் என்னுடையது. பெயர் மிஷாலுடையது. வாப்பா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை; துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, அண்ணனின் மேலதிகாரி அபூ நாயிஃப் வந்தார். மிஷால்தான் காப்பி ஊற்றினான். அவர் வாங்கிய கோப்பையை அப்படியே தரையில் வைத்தார்.

கதவிடுக்கில் என்னோடு நின்ற உம்மா என் கையைக் கிள்ளினாள். "ஹெஸ்ஸா! மகனுக்குப் பொண்ணு கேக்க வந்திருக்காரு. பையனுக்குப் பல்லு கொஞ்சம் நீட்டு. பரவால்ல, வாயத் தொறந்தாத்தான தெரியும்."

வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முகமெல்லாம் மலர்ந்து, "குடிங்க. கேட்டதக் குடுத்தாச்சு" என்றார்.

"என்னன்னு கேக்க வேணாமா?"

"எங்க வீட்டுல விருந்தாளி காப்பி ஆறக்கூடாது. சொன்னா சொன்னதுதான்."

அபூ நாயிஃப் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். "இத எழுதின கை எங்க ஆபீசுல வேணும். எழுதற வேலைக்கு."

வாப்பா சிரித்தார். "அந்தக் கைதானே உங்களுக்குக் காப்பி ஊத்துச்சு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். எங்க வீட்டுல படிச்சுட்டுச் சிரிக்கிறா. 'தட்டு உள்ள வந்தப்புறம் எந்த ஓரத்துல கறி மிஞ்சியிருக்குன்னு எந்த ஆம்பள பாத்தான்? இது பொம்பள எழுதினது'ங்கறா."

மிஷால் காப்பிப் பாத்திரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். பின்கழுத்து சிவந்திருந்தது. அவன் மறுப்பான் என்று காத்திருந்தேன். மறுத்தால் நான் சும்மா இருந்துவிடலாம். நோட்டும் பானைக்குப் பின்னாலேயே கிடக்கும். அவன் பாத்திரத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

வாப்பா கதவுப் பக்கம் திரும்பினார். "ஹெஸ்ஸா. நீயா எழுதின?"

உம்மா என் வாயைப் பொத்த வந்தாள். "அண்ணன் மானம் போயிரும்டி," என்றாள் காதுக்குள்.

மறுபடி வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னதுபோல் இருந்தது. உம்மாவின் கையை விலக்கினேன்.

"நான்தான், வாப்பா."

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அபூ நாயிஃப் குனிந்து கோப்பையை எடுத்து, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்பதுபோல் கோப்பையை ஆட்டாமல் நீட்டினார்.

மிஷால் ஊற்றவில்லை. பாத்திரத்தைத் தரையில் வைத்தான். வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி, வெறுங்காலோடு வெயிலில் இறங்கிப் போனான்.