சண்டைக் கோடு

சிவதாணு எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். அதனால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரே லாரியில் மூட்டை இறக்கினாலும் நாங்கள் பேசுவதில்லை. அரிசி மூட்டையைத் தன் தலையில் தானே எவனும் ஏற்றிக்கொள்ள முடியாது, இன்னொருத்தன் தூக்கிவிட வேண்டும். அவன் தூக்கிவிடுவான், நான் குனிவேன். முகம் பார்ப்பதில்லை.

சுமை தூக்கும் எங்கள் ஆட்களின் சண்டைகளை என் மகள் லிபி கணக்காக்கினாள். ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். ஆளுக்கு ஒரு புள்ளி, சண்டைக்கு ஒரு கோடு. கோடு உள்ள ரெண்டு பேர் ஒரே கூட்டத்தில் வரக் கூடாது. எத்தனை குறைவான கூட்டமாகப் பிரிக்கலாம் என்பதுதான் கேள்வி. ஆள் கூடக் கூட, சாதாரண கம்ப்யூட்டர் எல்லா வழியையும் பார்த்து முடிக்காதாம். குவாண்டம் கம்ப்யூட்டர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. இவள் வீட்டிலிருந்தே கணக்கை அனுப்பிவிட்டு, முறை வரக் காத்திருப்பாள். எங்கள் தொழிலும் முறை போட்டுத்தான். நாற்பது வயசு கழிந்து எழுத்து படித்த எனக்கு அது மட்டும் புரிந்தது.

இந்தச் சின்னக் கணக்காவது சரியாக வராவிட்டால் இந்த ஆராய்ச்சியையே விட்டுவிடு என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார். நாலு வருஷப் படிப்பு. கடைசி முறையும் வந்தது. திரையில் எங்கள் பெயர்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. அவள் என் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"என்ன மக்களே?"

"தப்பாக்கும் அப்பா. உங்களையும் சிவதாணு மாமனையும் ஒண்ணாப் போட்டிருக்கு. கொஞ்சம் சூடோ ஆட்டமோ பட்டாலே அந்தக் கம்ப்யூட்டருக்குக் கணக்கு பெசகிரும்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் சரி. ஒரே ஒரு கோடுதான்."

ஒரே கோடு. மறுநாள் காலையில் லாரி வந்ததும் நேரே அவனிடம் போனேன்.

"வே சிவதாணு, அந்த ரூபாய நீரு தரண்டாம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "என்னவே, டாக்டரு ஏதும் நாள் குறிச்சிட்டாரா?"

"நமக்குள்ள சண்டை இல்ல. அவ்வளவுதான்."

"செரி. நானா தரணும்னு நிக்கேன்?" சிரித்துவிட்டான். நானும்.

ஓரமாக நின்று லிபிக்குப் போன் போட்டேன். "மக்களே, அந்தக் கோட்ட அழிச்சாச்சு. இப்போ உனக்க கணக்கு சரிதானே?"



"அப்பா, நான் அனுப்பும்போ அந்தக் கோடு இருந்துச்சில்லியா? வந்த விடை தப்புதான், இனி அது மாறாது." பிறகு மெதுவாக, "கைடு விளிக்காரு. வச்சிரட்டா?"

சட்டைப் பையில் போனைப் போட்டு, சும்மாட்டைச் சரிசெய்தேன்.

"குனியும் வே," என்றான் சிவதாணு. மூட்டை தலையில் இறங்கியது. பத்தடி போயிருப்பேன், பைக்குள் போன் அடித்தது. கைடு சொன்னதைச் சொல்ல லிபியாகத்தான் இருக்கும். ரெண்டு கையும் மேலே, மூட்டையில்.