அறுபது மூடிகள்

அந்த வண்டுக்குப் பறக்கத் தெரியாது. முதுகு ஓடு இரண்டும் ஒட்டியே பிறந்த ஜென்மம். உலகத்திலேயே இந்த ஒரு சரிவில்தான் இருக்கிறது. சாலை போட வேறு இடமே கிடைக்காத மாதிரி இங்கேதான் போடப்போகிறார்கள். பத்து நாளுக்குள் உயிரோடு ஒன்றைப் பிடித்துப் படம் காட்டினால் சாலையை வேறு பக்கம் திருப்புவார்கள். செத்ததைக் காட்டினால் செல்லாது. காட்ட வேண்டியவள் நான் ஒருத்திதான்.

அறுபது பிளாஸ்டிக் கப்புகளை விளிம்புவரை மண்ணில் புதைத்திருந்தேன். இரை தேடி ஓடுகிற வண்டு தவறி உள்ளே விழும். தினமும் காலையில் பார்த்தாக வேண்டும். வர முடியாதென்றால் ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவை ஒன்றையொன்று தின்றுவிடும். மூடி போட ஒரு மணி நேரம் ஆகும்.

ஏழு நாள் ஒன்றும் விழவில்லை. எட்டாம் நாள் காலை கப்புகளைப் பார்க்கத் தொடங்குமுன் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"அம்மாவுக்கு ரொம்ப முடியல. உடனே கிளம்பி வா."

மூடிப் பையை அப்படியே போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடிப் பஸ்ஸைப் பிடித்தேன். ஆறு மணி நேரமும் "கொஞ்சம் பொறும்மா, வந்துட்டேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். போனபோது அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சித்தி என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பத்தாம் நாள் திரும்பினேன். நாற்பத்தோராவது கப்பில் ஒரு பூரான் தின்று கொழுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒட்டிப்போன முதுகு ஓடுகள், ஓரத்தில் செம்பு நிறக் கோட்டோடு. அதேதான். நான்கு வண்டு இருந்திருக்கும். கோபமாவது வருகிறதா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

அறிக்கை கேட்டிருந்த அதிகாரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "நீங்க என்னம்மா செய்வீங்க, பெத்த தாயாச்சே. கிடைக்கலன்னு எழுதி அனுப்பிடுங்க" என்றார். நல்ல மனுஷன்.

சரிவிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும்டி, மனசு கேக்கல. அன்னைக்கு நான் போன் பண்றப்பவே அம்மா போயிட்டாங்க. சொன்னா நீ வழியில உடைஞ்சு போயிடுவியேன்னுதான் முடியலன்னு சொன்னேன். எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க."

"ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"கோபமா?"

"இல்லக்கா." நிஜமாகவே இல்லை. "சொல்லியிருந்தா அடுத்த பஸ்ல வந்திருப்பேன்."

"அடுத்த பஸ்ஸா? அம்மா செத்துக் கிடக்கறப்ப உனக்கு அடுத்த பஸ்ஸா?" அக்கா கத்தினாள். அவள் கேட்டதும் நியாயம்தான். போனை வைத்துவிட்டு, 'உயிருடன்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.