பெட்டிக் கயிறு

கப்பலில் ஏற்றும் சரக்கு கடலில் அசையாதபடி இறுக்கிக் கட்டுவது நல்லக்கண்ணுவின் வேலை. தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருஷமாக அவர் போட்ட கட்டு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. அந்தக் கைக்கு மகள் ஜெயபிரியாவின் பெட்டி எம்மாத்திரம்? தை மாதம் அவள் புருஷனோடு அமெரிக்கா கிளம்பியபோது, நல்ல சணல் கயிறாக வாங்கி நாலு பக்கமும் சுற்றி இறுக்கிவிட்டார்.

மாப்பிள்ளை தேசிக் ஆழ்வார்திருநகரியில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. "கயிறெல்லாம் எதுக்கு மாமா? சக்கரப் பெட்டிதானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லக்கண்ணுவுக்கு இன்னும் செமிக்கவில்லை. ஏர்போர்ட் வாசலிலேயே அறுத்துக் குப்பையில் போட்டிருப்பாரோ? கேட்கவும் வாய் வரவில்லை.

ஆனி மாதம் அங்கே லீவு. இரண்டு பேரும் காரில் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். அங்கே காலை, இங்கே சாயந்திரம். துறைமுக வாசல் டீக்கடையில் உட்கார்ந்தால் மகளின் வீடியோ கால் வந்துவிடும்.

முதல் நாள் தெற்கு டகோட்டாவில் ஒரு மண்டபம். வெளிச்சுவர் முழுக்க மக்காச்சோளக் கதிரால் சித்திரம்.

"ஏளா, குருவி கொத்தாதா?"

"கொத்தத்தான் செய்யுமாம்ப்பா. அதுக்குத்தான் திரும்பப் புதுசா வைக்காங்க."

கூட வேலை பார்க்கும் சங்கரபாண்டியன் எட்டிப் பார்த்தான். "நம்ம ஊர்ல வச்சா மாடு செவரையும் சேத்துல்லா தின்னிருக்கும்!"

மறுநாள் நெப்ராஸ்கா. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். "நம்ம வேம்பார் ரோடுதான். உப்பளத்துக்குப் பதிலா புல்லு" என்றார் நல்லக்கண்ணு.

மூன்றாம் நாள் கான்சஸில் ஒரு சின்ன ஊர். கூரைக்கடியில் யானை படுத்திருப்பதுபோல ஒரு சணல் உருண்டை. யாரோ ஒரு விவசாயி மிச்சக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாராம். இன்றைக்கும் வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிவிட்டுப் போகிறார்களாம்.

நல்லக்கண்ணு டீயைக் கீழே வைத்தார். "கிட்ட காட்டு. சுத்து தளர்ந்துல்லா கெடக்கு!"

"ஏலே, அவன் ஊர்ல போயும் குத்தம் பாக்கியே" என்றான் சங்கரபாண்டியன்.

அப்போது தேசிக் கார் டிக்கியைத் திறந்து எதையோ எடுத்தார். பெட்டிக் கயிறு! முழங்கையில் போட்டுப் பதவிசாகச் சுற்றியிருந்தது. ஒரு வெட்டு இல்லை.

"அறுக்கலியா மாப்ளே?"

"கயித்தோட பெட்டியை ஏத்த மாட்டோம்னுட்டாங்க. ஏர்போர்ட்ல கத்திக்கு எங்க மாமா போக? அந்த முடிச்சை அவுக்க முக்கால் மணி நேரம். போற வாறவங்கல்லாம் நின்னு வேடிக்கை பாத்தாங்க. அவ்வளவு பாடுபட்டுட்டு தூரப் போட மனசு வருமா? போன மாசம் வீடு மாத்தும்போது மெத்தையைக் கார் மேல வச்சு இதாலதான் கட்டினோம். அசையலை."

நல்லக்கண்ணு மீசையைத் தடவினார்.

"இதையும் உருண்டையில சுத்திரட்டுமா மாமா? உங்க கயிறும் இங்க இருக்கட்டும்."

"சுத்தச் சொல்லுலே!" சங்கரபாண்டியன் தொடையில் தட்டினான். "தூத்துக்குடிக் கயிறு அமெரிக்காவுல கெடக்கட்டும்!"

"வேண்டாம் மாப்ளே, வச்சிருங்க. ஊருக்கு வரும்போது பெட்டி கட்டணும்லா."

"எனக்கு உங்க முடிச்சு போடத் தெரியாதே."

"தெரிஞ்ச மாதிரி கட்டிட்டு வாங்க. அவுக்கதுக்கு நான் இருக்கேன்."