ஏழாம் நம்பர் மலையில் இரண்டாவது பாதி

ஜீவராணி போட்ட சத்தத்தில் சண்முகவடிவு கையில் விறகுக் கட்டையோடுதான் ஓடி வந்தாள். போன மாதம்தான் கீழ் லயத்து வீடுகளில் சிறுத்தை புகுந்து நாயைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அன்று பௌர்ணமி, போயா லீவு. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு இல்லை, கொழுந்து எடுக்க மலைக்குப் போக வேண்டியதில்லை. பனி இறங்கிய லயத்தில் பாதிப் பேர் இன்னும் கம்பளிக்குள்தான் கிடந்தார்கள். சண்முகவடிவு கதவைத் தள்ளிப் பார்த்தபோது ஜீவராணி கட்டில்மேல் முழங்காலில் நின்றாள். கம்பளி தரையில் கிடந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, தலையணைமேல் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்து அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு முகத்தோடு இருந்தாள்.

"என்னாடி புள்ள? ஒம் புருசனுக்கு ஏதாச்சுமா?"

"கோலு, அக்கா! கடசி நிமிசத்துல கோலு!"

சண்முகவடிவு கட்டையைக் கீழே போடவில்லை. அதை வைத்து இவளையே ஒரு அடி போடலாமா என்று யோசிப்பதுபோல் நின்றாள். அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது, தாங்கள் இரண்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை என்று.

இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். தேயிலைத் தோட்டத்தில் இனிப் பெண்களையும் கங்காணியாகப் போடுவது என்று முடிவானபோது, மேல் டிவிஷனில் எல்லாரும் சண்முகவடிவின் பெயரைத்தான் சொன்னார்கள். அவள் கொழுந்து எடுக்கும் வேகத்தில் விரல்கள் கண்ணுக்குத் தெரியாது. வாய்க்குப் பயந்தே பாதி மலை ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் தோட்டத்து மேனேஜர் துரை, ஓ/எல் பரீட்சை பாஸானவர்கள் யார் என்று கேட்டார். வேலை ஜீவராணிக்குப் போனது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். அந்தப் பயத்தில் அவள் எல்லாவற்றையும் சட்டப்படி செய்தாள். இரண்டாம் வாரமே சண்முகவடிவின் சாக்கைக் கொட்டச் சொல்லி, முத்தல் இலையைப் பொறுக்கி எறிய வைத்தாள். எல்லார் முன்னாலும். "எனக்கு எல சொல்லிக் குடுக்க வந்துட்டா" என்று சண்முகவடிவு அன்று சொன்னதோடு சரி. பிறகு பேச்சு இல்லை.

திரையில் அந்தக் கோலைத் திரும்பக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். எதிராளிகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்கள்.

"ஏன் இவனுக இப்புடி இளைக்கிறானுக?" என்றாள் சண்முகவடிவு, வாசற்படியில் நின்றபடியே.

"அவங்க கடக்கரை ஊரு, அக்கா. ரியோ. இந்த கிரவுண்டு இருக்கறது கீட்டோன்னு ஒரு மலை ஊரு. நுவரெலியாவவிட உசரம். ஏறி வந்தவனுக்கு மூச்சு முட்டாதா?"

சண்முகவடிவின் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆபீஸ் வேலையாகக் கொழும்பிலிருந்து வரும் ஆட்கள் ஏழாம் நம்பர் மலையில் பாதி ஏறுவதற்குள் கல்லில் உட்கார்ந்துவிடுவதை அவள் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம் உண்டு. அவள் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நம்ம மேட்டுக்காரனுகதான் ஜெயிச்சானுகளா?"

"இன்னும் இல்ல. அந்தத் தென் அமெரிக்காக் கண்டத்துல ரெண்டு பெரிய கப்பு இருக்கு. ரெண்டுலயும் ஜெயிச்ச ரெண்டு டீமும் மோதுறதுதான் இது. இங்க ஒரு மேட்ச், அங்க ஒரு மேட்ச். ரெண்டையும் கூட்டிப் பாத்துதான் யாருன்னு சொல்லுவாங்க."

"சம்பந்தி வூட்டு விருந்து மாதிரி. அவுக வூட்ல ஒரு வேள, நம்ம வூட்ல ஒரு வேள."

"அதேதான்க்கா."

"அங்க எப்ப?"

"வர்ற வெள்ளிக்கெழம. இதே காலம்பற ஆறு மணி."

சண்முகவடிவு எழுந்தாள். கதவருகில் போய்த் திரும்பிப் பார்க்காமலே, "கத்துறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டுக் கத்து. உசுரு போயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜீவராணி போனை அணைத்துவிட்டுத் தரையில் கிடந்த கம்பளியை எடுத்து மடித்தாள். பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் அவள் பின்வரிசையில் ஆடியவள். இவளைத் தாண்டிப் பந்து போகாது என்று பீ.டி. மாஸ்டர் சொல்லுவார். கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் தொட்டதில்லை. கொழும்பில் ஓட்டல் ஒன்றில் வேலை செய்யும் புருசன் துஷாந்துதான், "நம்ம ஊரு மாதிரி மலை ஊரு ஒண்ணு ஆடுது, பாரு" என்று முந்தின நாள் லிங்க் அனுப்பியிருந்தான். சும்மா பார்க்கலாம் என்றுதான் போட்டாள். பத்து நிமிடத்தில் அவளுடைய கால்கள் கம்பளிக்குள் தாமாகவே பந்தை இடித்து வெளியே தள்ள ஆரம்பித்துவிட்டன.

அந்த வாரம் மலையில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னது சண்முகவடிவு. செவ்வாய்க்கிழமைக்குள் கொழுந்து எடுக்கும் பெண்கள் கூட்டம் முழுவதும் மேட்டுக்காரர்கள் பக்கம் வந்துவிட்டது. நிஷாந்தி சாயங்காலம் லயத்தில் தன் போனில் கீட்டோ படங்களைத் தேடி எடுத்துக் காட்டினாள். மலைச் சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், மேலே மேகம். "நம்ம நானுஓயாதான்டி இது" என்றாள் ராசம்மா. கோல் என்றால் என்ன, கோலில்லாவிட்டால் என்ன, ஒண்ணுக்கு ஒண்ணு ஆகிவிட்டால் என்ன என்று தேயிலை நிரைகளுக்கு இடையே குரல்கள் பறந்தன. சண்முகவடிவுதான் பதில் சொன்னாள், தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து.

"வெள்ளிக்கெழம போனை மலைக்குக் கொண்டாருவியா?" என்று நிஷாந்தி கேட்டாள்.

"மலையில போனு கூடாதுன்னு தெரியும்ல" என்றாள் ஜீவராணி. குரல் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "பெரட்டுக்கு முந்தி என் வூட்டுக்கு வாங்க. பாக்குற வரைக்கும் பாப்போம். பெரட்டுக்கு ஒருத்தரும் பிந்தக் கூடாது."

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே ஜீவராணியின் ஒற்றை அறைக் காம்பரா நிறைந்துவிட்டது. பனிக்கு இடுப்பில் படங்குத் துணி கட்டி, தலையில் துணி சுற்றி, கொழுந்துச் சாக்கும் கையுமாக, மலைக்குப் போகிற கோலத்திலேயே எல்லாரும் நின்றார்கள். போனை அரிசி டின்மேல் வைத்திருந்தாள் ஜீவராணி. ரியோவில் கூட்டம் கடல்போல் இரைந்தது. பந்து ஒரே பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மேட்டுக்காரர்களின் கோல் பக்கமாக. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவரின் கால் குறுக்கே வந்தது. ஒவ்வொரு தடவையும் காம்பராவில் இருந்தவர்கள் ஒன்றாக மூச்சை இழுத்து ஒன்றாக விட்டார்கள். ராசம்மா பயத்தில் பாதி ஆட்டத்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சண்முகவடிவு திரைக்கு மிக அருகில், கிட்டத்தட்ட மூக்கு படுகிற தூரத்தில் நின்று, "தள்ளுடா அத, வெளிய தள்ளுடா" என்று பல்லைக் கடித்தாள். இடைவேளை விசில் ஊதியது. யாருக்கும் கோல் இல்லை.

"நாமதான் முன்னுக்கு! இன்னும் நாமதான்!" என்று நிஷாந்தி குதித்தாள்.

பெரட்டுக்கு எல்லாரும் ஓடினார்கள். மேல் டிவிஷன் பெண்கள் ஏறுபாதையில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பெயர் கூப்பிட நின்ற மேற்பார்வைக்காரர், கண்டாக்கு நல்லமுத்து, நேரத்துக்கு முன்னே வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "என்னா இன்னிக்கி?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு வேலை ஏழாம் நம்பர் மலையில் என்றார்.

ஏழாம் நம்பர் மலையின் உச்சியில், பெரிய கல்லடியில் மட்டும் போனுக்கு நல்ல சிக்னல் வரும். அது எல்லாருக்கும் தெரியும். ஜீவராணி நிரை பிரித்துக் கொடுத்தாள். கைகள் கொழுந்தில் விழுந்தன. அவள் பைக்குள் கிடந்த போன், தொடாமலே சுடுவதுபோல் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வர நினைத்தவள்தான். கதவைப் பூட்டும்போது கை தானாக எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டது. இப்போது இரண்டாவது பாதி ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தால் போதும், கப்பு மலைக்கு வந்துவிடும். கொழுந்து எடுத்த செடிகளின் மட்டம் சரியா என்று பார்ப்பதுபோல் அவள் மேலே ஏறினாள். இன்னும் மேலே. கல்லடிக்கு வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

கீழே நின்ற பத்துப் பெண்களும் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகு மெல்லத் தளர்வதைக் கண்டார்கள்.

"என்னா புள்ள?" சண்முகவடிவின் குரல் மலையில் மோதி வந்தது.

"ஒரு கோலு வாங்கிட்டோம். இப்பத்தான். கூட்டிப் பாத்தா சமமாயிருச்சு."

அதற்குப் பிறகு யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஜீவராணி போனைக் கல்லின்மேல் வைத்தது மட்டும் உண்மை. கங்காணியாக வந்த பிறகு அவள் யோசிக்காமல் செய்த முதல் காரியம் அதுதான். நிரைகளை விட்டு எல்லாரும் சரிவில் ஏறி வந்து கல்லைச் சுற்றிக்கொண்டார்கள். படம் நின்று நின்று வந்தது. பந்து ஒருவன் காலில் இருக்கும்போது உறையும். மறுபடி அசையும்போது பந்து வேறெங்கோ இருக்கும். அந்த இடைவெளியில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்படியே முடிந்தால் இன்னும் ஆட்டம் உண்டு என்று ஜீவராணி சொன்னாள். "இன்னும் கொஞ்சம்டா, இன்னும் கொஞ்சந்தான்" என்று ராசம்மா கும்பிட்டாள். அப்போது மேட்டுக்காரர்களின் கோலுக்கு முன்னாலிருந்த பெட்டிக்குள் ரியோக்காரன் ஒருவன் விழுந்தான். நடுவர் புள்ளியைக் காட்டினார்.

"பெனால்ட்டி" என்றாள் ஜீவராணி.

"அப்புடின்னா?"

"கோலு காக்குற கோலிய மட்டும் நிக்க வச்சு அடிக்கிறது. தடுக்கறது கஷ்டம்."

"நம்ம கோலி தடுப்பான்" என்றாள் சண்முகவடிவு. "பாரு, தடுப்பான்."

மோட்டார் சைக்கிள் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நல்லமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கல்லின்மேல் இருந்த போனைக் கையில் எடுத்த பிறகுதான் எல்லாரும் நிமிர்ந்தார்கள். பின்னால் வெறும் நிரைகளில் சாக்குகள் மட்டும் கிடந்தன.

"யாரு போனு?"

"என்னோடதுங்க ஐயா."

"நாந்தாங்க கேட்டேன்" என்றாள் சண்முகவடிவு அதே மூச்சில். "குடுக்கலன்னா எறங்கி லயத்துக்குப் போயிருவேன்னு சண்ட போட்டேன். அந்தப் புள்ள என்னா பண்ணும்?"

ஜீவராணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். சண்முகவடிவு பார்க்கவில்லை. கண் நல்லமுத்துவின் கையில் இருந்த போன்மேலேயே இருந்தது.

"இல்லிங்க ஐயா. ஒருத்தரும் கேக்கல. நானாத்தான் எடுத்தேன்."

"இது எங்க நடக்குது?"

"பிரேசில்லங்க."

"பிரேசில்ல நடக்கறதுக்கு இங்க ஏன் கொழுந்து நிக்குது?" அவர் திரையைப் பார்த்தார். இன்னும் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களுக்குத் திரை தெரியவில்லை. அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. புருவம் மேலே போயிற்று. ஒரு தோள் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்தது. போனிலிருந்து பெரிய இரைச்சல் எழுந்து காற்றில் சிதறியது.

"போச்சு" என்றார் நல்லமுத்து.

ராசம்மா கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நிஷாந்தியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் போனைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தொரைக்கிச் சொல்லணும். எட போடுற நெறுவைக்கி வர்றேன், அப்ப பேசுவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் சரிவில் இறங்கிப் போனது. பிறகு சண்முகவடிவு தன் சாக்கைத் தூக்கினாள். "நிக்கிறீங்களே, என்னா பாக்குறீங்க? நெறுவைக்கி வர்றாராம். வரட்டும்" என்றாள். அதன்பிறகு அன்று ஏழாம் நம்பர் மலையில் நடந்ததைக் கொழுந்து எடுப்பது என்று சொல்வது சரியாக வராது. தோற்ற கோபம் முழுவதும் விரல்களில் இறங்கியிருந்தது. ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, நிரை முடிந்தவள் மற்றவள் நிரையில் புகுந்து, சரிவில் மூச்சு வாங்க ஏறினார்கள். ஜீவராணி சும்மா நிற்கவில்லை. அவளும் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு நடுவில் இறங்கினாள். வழியில் சண்முகவடிவின் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தாள். இரண்டு முத்தல் இலை இருந்தது. எடுத்து வெளியே போட்டாள்.

"இன்னிக்கும் விட மாட்டியா?" என்றாள் சண்முகவடிவு.

"மாட்டேன்."

"ம்." அவள் கை நிற்கவில்லை.

நெறுவையில் தராசு முள் வழக்கத்தைவிட மேலே போனதை நல்லமுத்து குனிந்து பார்த்தார். அடுத்த சாக்கு, அடுத்த சாக்கு என்று மட்டும் சொன்னார். எடையெல்லாம் எழுதி முடித்ததும் பைக்குள்ளிருந்து போனை எடுத்து ஜீவராணியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றாள். துரையிடம் சொல்லிவிட்டாரா, இனிமேல்தான் சொல்லப்போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெண்கள் தேத்தண்ணிக்கு உட்காரவில்லை. பாதையோரத்துச் செம்மண்ணில் சண்முகவடிவு குச்சியால் ஒரு பெட்டி கீறியிருந்தாள். இரண்டு கற்கள்தான் கோல் கம்பங்கள். நடுவில் ஒரு பச்சைக் கொழுந்து கோலி. எதிரே ஒரு சின்னக் கல் பந்து. அடித்தவன் எந்தக் காலால் அடித்திருப்பான், கோலி ஏன் பிந்தினான் என்று ஆளுக்கொன்று சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

"ஐயா" என்றாள் சண்முகவடிவு. "இங்க நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. சொல்லுங்க. கோலி எந்தப் பக்கம் பாஞ்சான்?"

நல்லமுத்து பைக்கில் சாவியைப் போட்டிருந்தார். முறுக்கவில்லை. இறங்கி வந்தார். குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். பிறகு படங்குகளும் சேற்றுக் கால்களும் சூழ, மெல்லக் குந்தி உட்கார்ந்து, சண்முகவடிவின் கையிலிருந்து குச்சியை வாங்கினார். எல்லாரும் நெருங்கினார்கள். குச்சியின் நுனி அந்தக் கொழுந்துக்கு மேலே, இடமா வலமா என்று சொல்லாமல், காற்றில் நின்றது.